பிக்கப் வண்டியின் அடியில் ‘டங்’ சத்தம்: கிரவுனைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கிளட்சை விடும்போதும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதும் வண்டியின் அடியிலிருந்து ‘டங்’ என்று சத்தம் கேட்டால், பட்டறைக்குப் பட்டறை ஒரு காரணம் சொல்வார்கள். என் பிக்கப்பைப் பார்த்த ஒருவர் கிரவுன் (பின் ஆக்ஸிலின் நடுவே சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம்) போய்விட்டது என்றார். இன்னொருவர் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். அலைந்து முடித்தபோது, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின்பக்கக் கிராஸும் (ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் கூட்டல் குறி வடிவ இணைப்பு), பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கை, பின் ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்துபோயிருந்ததும்தான் காரணம் என்று தெரிந்தது. அவை இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, கிரவுனைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் கேட்கப்பட்ட கூலியைவிடக் குறைவு.

பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா, டி-மேக்ஸ் போல இன்ஜின் முன்னால் இருந்து பின்சக்கரங்களை இழுக்கும் வண்டியை முதன்முறையாக வாங்கி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா வேலைகளையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் கீழே உள்ள வரிசைப்படி பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், எந்த உறுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், எதிரில் நிற்கிற மெக்கானிக்குக்கும் புரியும்.

1. சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியை ஒருமுறை காலியாகவும் ஒருமுறை லோடுடனும் ஓட்டி, சத்தம் வரும் தருணத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பாதி குறுக்கித் தருவது இந்தக் குறிப்புதான்.

முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றிக் கிளட்சை விட்டவுடன் ஒரே ஒரு அடி கேட்டால், கிராஸ், ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பற்கள் கொண்ட இணைப்பு), கிரவுன், யூ போல்ட், இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் மவுண்டிங் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஆட்டம் இருக்கிறது. வண்டி புறப்படும்போது மட்டும், அதிலும் லோடு ஏற்றியிருக்கும்போது, சீட்டுக்கு அடியில் உதறல் வந்து சற்று வேகம் பிடித்ததும் அடங்கினால் ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று சீரான தாளத்தில் கேட்டு, வேகத்தோடு தாளமும் கூடினால், கிரீஸ் வற்றிய கிராஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். இந்த வகை வண்டிகளில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறத்தாழ நான்குமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கேட்கும் சத்தம் பிரேக் டிரம், சக்கர பேரிங், ஆக்ஸில் ஆகியவற்றின் பக்கமும், அதைவிடப் பலமடங்கு வேகமாகக் கேட்கும் சத்தம் ஷாஃப்டின் பக்கமும் கை காட்டுகின்றன. ஒருவரைப் பக்கத்தில் மெதுவாக நடந்துவரச் சொல்லி, டயரில் சாக்பீஸால் போட்ட கோட்டைப் பார்த்து எண்ணச் சொன்னால் தெரிந்துவிடும்.

மேடுபள்ளத்தில் மட்டும் கேட்டு, சமதளத்தில் கிளட்சை எப்படி விட்டாலும் கேட்காத சத்தத்தை இந்தக் கட்டுரையோடு சேர்க்காதீர்கள். அதற்கு ஷாக் அப்சார்பர் புஷ், ஷேக்கிள் புஷ், கேபின் மவுண்டிங், சரியாகப் பூட்டாத டிராப் டோர் என்று வேறு பட்டியல் இருக்கிறது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில், அந்த இழுவையைப் போட்டபடி தார்ச்சாலையில் வளைந்துவிட்டு எடுக்கும்போது கேட்கும் அடியும் பழுதன்று. முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓடியதால் ஷாஃப்டுகளில் ஏறிய முறுக்கு அப்போது விடுபடுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் அந்த இழுவையைப் போடாமல் இருப்பதே அதற்கு வைத்தியம்.

2. வண்டியின் அடியில் நுழைவதற்கு முன்

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடி வந்த வண்டியானால் சைலன்சர் குழாய் ஆற அரை மணி நேரமாவது விடுங்கள். பிக்கப்பின் உயரத்துக்குப் பெரும்பாலான சோதனைகளை ஜாக்கி போடாமலே செய்யலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி உடலில் எந்தப் பாகத்தையும் உள்ளே நுழைக்காதீர்கள். சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா, அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

3. கையால் திருகிப் பாருங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஷாஃப்டைக் கையால் இடமும் வலமுமாகத் திருகினால் கொஞ்சம் சுழன்று நிற்கும். பின்சக்கரங்கள் பூட்டியிருப்பதால் இந்த ஆட்டம் பெரும்பாலும் பின் ஹவுசிங்குக்குள் (கிரவுன் இருக்கும் பின் ஆக்ஸில் கூட்டுக்குள்) இருக்கும் பற்களின் இடைவெளி. ஓரளவு எல்லா வண்டியிலும் இருக்கும் என்பதால், இதைக் கண்டவுடன் பயந்து கிரவுன் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. முடிந்தால் அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி ஒன்றில் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒவ்வொரு கிராஸாகப் பார்க்க வேண்டும். கிராஸின் ஒரு பக்கத்து யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டையை) ஒரு கையாலும் மறுபக்கத்து யோக்கை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழுமாக நெம்புங்கள். கிராஸில் கைக்குத் தெரிகிற ஆட்டம் எவ்வளவு இருந்தாலும் அது கூடாத ஆட்டம்தான், மாற்ற வேண்டியதுதான்.

கிராஸின் ஒவ்வொரு முனையையும் மூடியிருக்கும், உள்ளே ஊசி ரோலர்கள் கொண்ட கப்பின் வாயைச் சுற்றித் துடைக்காமல் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சீலைச் சுற்றிச் செங்கல் பொடியைப் போன்ற சிவந்த தூசி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி ரோலர்கள் துருப்பிடித்து அரைபடுகின்றன என்று பொருள். வண்டியைக் கழுவியபின் இந்தத் தடயம் போய்விடும் என்பதால் வாட்டர் வாஷுக்கு விடுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. ஆட்டம் இல்லாததாலேயே கிராஸ் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இறுகிப்போன கிராஸ் ஆடவே ஆடாது. ஷாஃப்டைக் கழற்றிக் கையில் வைத்து மடக்கினால்தான் ஓரிடத்தில் சிக்கிச் சிக்கி வருவது தெரியும்.

4. ஒருவரை ஓட்டவைத்து வெளியிலிருந்து பாருங்கள்

இந்தச் சோதனையை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும், இரண்டும் காட்டுவது வேறு வேறு.

முதலில், பழகிய ஓட்டுநர் ஒருவரை உட்கார வைத்து, பிரேக்கை அழுத்தி மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டபடி முதல் கியரில் கிளட்சை மெதுவாகப் பிடிக்கும் இடம்வரை விட்டு மீண்டும் மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. நீங்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். பானெட்டைத் திறந்துவைத்தால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புவது தெரியும். கொஞ்சம் சாய்வது இயல்பு. எழும்பி வந்து இடித்தால் இன்ஜின் மவுண்டிங்கோ கியர்பாக்ஸ் மவுண்டிங்கோ கிழிந்திருக்கிறது.

இரண்டாவதாக, திறந்த மைதானத்தில் பிரேக்கை விட்டு வண்டியை ஒரு மீட்டர் முன்னால், நிறுத்தி, ஒரு மீட்டர் பின்னால் என்று நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியைச் சக்கரப் பாதைக்கு வெளியே தரையில் சாய்த்துவைத்துப் பின் ஹவுசிங்கைப் படம்பிடியுங்கள். நீங்கள் தலையைக் குனிந்து பார்க்க வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி செய்த முதல் சோதனையில் ஹவுசிங் சுழல முயல்வது தெரியாது, ஏனென்றால் அந்தச் சுழற்சியைப் பின் பிரேக்கே பிடித்துவிடுகிறது. இந்தக் காரணத்தால்தான் பல பட்டறைகளில் நின்ற இடத்திலேயே சோதித்துவிட்டுப் பட்டையில் குறையில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டி உண்மையிலேயே நகரும்போது கிரவுனின் மூக்கு (ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் முன்பக்கம்) எழும்பி இறங்குவதும், ஹவுசிங் பட்டையின் மேல் நழுவுவதும் படத்தில் தெளிவாகத் தெரியும்.

5. பட்டையும் யூ போல்ட்டும்

பட்டைக் கட்டு ஹவுசிங்கின் மேல் அமரும் இடத்தைப் பாருங்கள். வண்ணமும் சேறும் அழிந்து இரும்பு பளபளவென்று தெரிந்தால் அங்கே நகர்வு இருக்கிறது. பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஹவுசிங் ஒரு பக்கம் பின்னால் தள்ளிப்போய், வண்டி நேராக ஓடும்போதும் பின்புறம் சற்றுக் கோணலாக வரும். இரு பக்கமும் முன் பட்டைக் கண்ணிலிருந்து ஹவுசிங் வரை டேப் வைத்து அளந்தால் உறுதியாகிவிடும்.

யூ போல்ட் நட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, குறுக்காக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பட்டை ஏற்றியவர்கள், புதுப் பட்டை போட்டவர்கள் எல்லாரும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முடுக்க வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. மரை இழுபட்டுப்போன யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

6. ஸ்ப்ளைனும் சென்டர் பேரிங்கும்

வண்டி சிக்னலில் நின்ற கணத்தில், அல்லது நின்று புறப்படும் கணத்தில் மட்டும் ஓர் அடி விழுந்து, கிராஸ்களில் ஆட்டமும் இல்லாதிருந்தால், நீள மாற்றத்துக்கு ஏற்ப உள்ளும் வெளியும் நகர வேண்டிய ஸ்ப்ளைன் காய்ந்து சிக்கியிருக்கலாம். கழற்றித் துடைத்துப் பழைய கிரீஸை எடுத்துப் புது கிரீஸ் பூசினால் செலவே இல்லாமல் தீரும். பற்கள் தேய்ந்து படிக்கட்டாகியிருந்தால் மட்டும் உறுப்பை மாற்ற வேண்டும்.

நீண்ட சேஸி வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வந்து நடுவில் சென்டர் பேரிங் இருக்கும். ரப்பரின் நடுவே அமர்ந்திருப்பதால் கையால் அழுத்தினால் சற்று அசைவது இயல்பு. ரப்பர் கிழிந்து பேரிங் தொங்கினாலோ, சுழற்றும்போது சரசரவென்றாலோ மாற்றுங்கள். பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் இடையே வாஷரோ தகடோ இருந்தால், அது எத்தனை, எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பப் போடுங்கள். ஷாஃப்டின் கோணம் அதில்தான் அமைகிறது. அதை விட்டுவிட்டுப் பூட்டினால் புது பேரிங்கோடு உதறலும் வந்து சேரும்.

7. கிராஸ் மாற்றும்போது கூடவே நில்லுங்கள்

இந்த வேலை எளிதுதான், ஆனால் அவசரத்தில் கெடுவதும் இதுதான். பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

கழற்றுவதற்கு முன் இரண்டு ஃபிளாஞ்சுகளின் (போல்ட்டால் ஒன்றோடொன்று சேரும் தகடுகளின்) மேலும், ஸ்ப்ளைன் சேரும் இடத்தின் இரு பக்கமும் பெயிண்டால் குறுக்குக் கோடு போட வேண்டும். ஸ்ப்ளைனை வேறு பல்லில் கோத்துவிட்டால் ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் போகும், சத்தம் தீர்ந்து அதிர்வு தொடங்கும். குழாயின் மேல் ஒட்டவைத்திருக்கும் சின்னத் தகடுகள் பேலன்ஸ் எடைகள் என்பதால் சேற்றைச் சுரண்டும்போது அவற்றையும் சேர்த்துப் பெயர்த்துவிடாதீர்கள். ஒரு முனையைக் கழற்றியதும் ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் சேஸியோடு கட்டிவைக்க வேண்டும்.

லாக்குகளை (கப் வெளியே வராமல் பிடித்திருக்கும் வளையங்களை) எடுத்தபின் கப்புகளைப் பிரெஸ்ஸிலோ பெரிய வைஸிலோ வைத்துத் தள்ளி எடுப்பதே முறை. சுத்தியலால் யோக்கின் காதில் அடித்தால் காது வளையும், அதன்பின் எந்தக் கிராஸ் போட்டாலும் இறுகும். வெளியே வந்த பழைய கிராஸின் கையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரோலர்கள் பதிந்த வரிகளில் நகம் தட்டித் தட்டிப் போனால் உங்கள் சத்தத்துக்கு அதுவே சாட்சி.

புதிய கப்பை அமர்த்தும்போது ஊசி ரோலர் ஒன்று நழுவிக் கப்பின் அடியில் படுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்போது கப் முழுதாக உள்ளே போகாது, லாக் அதன் காடியில் அமராது. அந்த நிலையில் ‘இன்னும் ஒரு அடி’ என்று சுத்தியலை எடுப்பவரைத் தடுத்து, கப்பை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கிரீஸ் தடவி ரோலர்களை ஒட்டவைத்துச் செருகினால் இந்தத் தொல்லை வராது. யோக்கின் துளையே பெருத்துப்போய்க் கப் கையாலேயே நுழைகிறது என்றால், சிலர் துளையைச் சுற்றிப் பஞ்ச் உளியால் புள்ளி குத்தி இறுக்குவார்கள். அது சில வாரங்கள்தான் தாங்கும், யோக்கை மாற்றுவதே சரி.

லாக்குகள் அமர்ந்தபின் கிராஸ் இரு திசையிலும் கையால் மடங்க வேண்டும், எங்கும் சிக்கக் கூடாது. கிரீஸ் கன்னால் அடிக்கும்போது நான்கு கப்புகளின் சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது கப் வெறுமையாகவே ஓடப்போகிறது. ஷாஃப்டை அசைத்துக்கொண்டே மீண்டும் அடியுங்கள். நிப்பிள் (கிரீஸ் கன்னைப் பொருத்தும் முனை), வண்டியில் பூட்டியபின் கன் எட்டும் பக்கமாக இருக்கிறதா என்பதைக் கழற்றியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் தொலைந்தால் ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட் வேண்டாம். பழைய போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், அதே எண்ணும் அதே நீளமும் கொண்டதையே வாங்குங்கள்.

8. இவ்வளவும் பார்த்தபின் கிரவுன்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் ஹவுசிங்குக்கு வாருங்கள். முதலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைத் திறந்த பிறகே கீழே வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் இறுகித் திறக்க வரவில்லை என்று நடுச்சாலையில் நிற்பவர்கள் உண்டு. வடிபிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் தேய்க்கும்போது குத்துகிற துகளோ பல்லின் துண்டோ இருந்தால் திறந்தே ஆக வேண்டும்.

ஆயில் மட்டம் மேல் பிளக் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். தரம் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் ஜிஎல்-5 வகையில் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140. கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் நட்டு தளர்ந்திருப்பது தெரிந்தால் ‘முடுக்கிவிடுவோம்’ என்று யாரையும் விடாதீர்கள். பல வண்டிகளில் பினியன் பேரிங்கின் அழுத்தம் உள்ளே இருக்கும் நசுங்கும் ஸ்லீவைப் பொறுத்தது என்பதால், அளவு பார்க்காமல் முடுக்கினால் பேரிங் சூடேறிப் போகும். கிரவுன், பினியன் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

9. ஆவணம், செலவு, நேரம்

உதிரி உறுப்பு வாங்கப் போகும்போது ஆர்.சி. நகலையும், கழற்றிய பழைய உறுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள மாடலிலும் கிராஸின் அளவு மாறும். சேஸி எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட கடையில் சரியான பாக எண்ணை எடுத்துவிடலாம். வெளிக்கடையில் வாங்கினால் கப்பின் விட்டத்தையும் கிராஸின் மொத்த நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள், அது இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள்.

வாரண்டி முடியாத வண்டியை வெளிப்பட்டறையில் திறக்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதும்போது ‘அடியில் சத்தம்’ என்று பொதுவாக எழுதவிடாமல், ‘முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது பின்புறம் ஒரு அடி’ என்று உங்கள் குறிப்பை அப்படியே எழுதச் செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தபின் அதே சத்தம் திரும்பினால், முன்பே சொல்லியிருந்தேன் என்பதற்கு அந்த நகல் ஒன்றுதான் ஆதாரம். தேய்மானத்தை இன்சூரன்ஸ் ஏற்காது, அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். நான் விசாரித்த அளவில் கிராஸ் ஒன்று ரூ.500 முதல் ரூ.1,200 வரையிலும், சென்டர் பேரிங் ரூ.1,000 முதல் ரூ.2,500 வரையிலும் இருந்தன. கிரவுன், பினியன் செட்டைத் தொட்டால் பேரிங்கும் சீலும் கூலியும் சேர்ந்து ரூ.10,000-ஐத் தாண்டிவிடும். கிராஸ் மாற்ற அரை நாள் போதும். ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்க லேத்துக்கு அனுப்பினால் ஒரு நாள் கூடும். கிரவுன் வேலைக்கு உறுப்பு கையிருப்பில் இருந்தாலும் இரண்டு நாள் வாடகை போகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களிலும் பொங்கல் நேரத்திலும் கடையும் இருக்காது, ஆளும் இருக்காது.

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அந்தத் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக இந்த வேலைகளை முடித்துவிட்டால், ஏதாவது திரும்பவும் தளர்ந்தால் சரிசெய்ய இடம் இருக்கும்.

10. ஓட்டிப் பார்த்து எடுங்கள்

பட்டறை வாசலில் பணம் கொடுப்பதற்கு முன், முதல் படியில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே சாலையில், அதே கியரில், முடிந்தால் அதே லோடில் ஓட்டுங்கள். முன்பு இல்லாத அதிர்வு குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்தால் ஸ்ப்ளைன் குறி மாறியிருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும், மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகும், எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லி, நான்கு கப்பிலும் எட்டிப் பார்த்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.